அட்டையக் கொண்டாங்க, பாப்போம்

சுகாதாரப் பயிற்சி வகுப்பு எதுவானாலும் தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. முதலில் நாற்பது மதிப்பெண் எடுத்தவர் கடைசியில் எண்பது எடுப்பார். அதை அறிக்கையில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பயிற்சி வெற்றி. மதுரை, சிவகங்கை, விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதே என் பிழைப்பாகவும் விருப்பமாகவும் இருந்துவந்திருக்கிறது. அந்தத் தேர்வுகள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எனக்குத் தெரியவேண்டியது வேறு. பயிற்சி பெற்ற பெண் போய்வந்த வீட்டில், அந்த வீட்டுத் தாய்க்கு என்ன விளங்கியது? மறுநாள் அவர் என்ன செய்தார்?

பங்களாதேஷில் இதை நேராகவே அளந்துபார்த்தார்கள். 1980இல் 'பிராக்' அமைப்பு, வயிற்றுப்போக்குக்கு உப்பு வெல்லக் கரைசல் கலக்கும் முறையைக் கிராமம் கிராமமாகச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அவ்வளவுதான் மருந்து. பணியாளரான பெண் வீட்டுக்குள் போய், தாயின் கையாலேயே கலக்கவைத்துச் சொல்லித்தருவார். சில நாள் கழித்து வேறொருவர் வந்து சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, சொல்லிக்கொடுத்ததில் எவ்வளவு அந்தத் தாய்க்கு நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். பணியாளரின் சம்பளம் அந்தத் தாயின் நினைவைப் பொறுத்தது. பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இப்படிப் போனார்கள். ஏழைப் பெண்ணின் சம்பளத்தை இப்படி இன்னொருவர் நினைவோடு முடிச்சுப்போடுவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அளக்கவேண்டிய இடம் அதுதான் என்பதில் சந்தேகமே இல்லை.

அதனால் என் வகுப்புகளில் பாதி நாள் கூடத்தில், பாதி நாள் தெருவில். கூடத்தில் நடப்பதும் பெரும்பாலும் கைவேலைதான்.

வயிற்றுப்போக்குப் பாடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். அதன் மேல்பகுதியை வெட்டி, கண்ணும் மூக்கும் வரைந்து, அடியில் ஒரு ஓட்டை போட்டு அடைத்துவிடுவோம். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, வெட்டிய வாய்மேல் நனைந்த மெல்லிய துணியைப் போர்த்தினால் அதுதான் குழந்தையின் உச்சிக்குழி. அடைப்பை எடுத்ததும் தண்ணீர் வடியும். மேலே துணி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். டேவிட் வெர்னர் மெக்சிகோ மலைக்கிராமங்களில் சுரைக்குடுவையை வைத்துச் செய்துகாட்டிய முறை இது. நாங்கள் பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டோம். துணி இறங்குவதைப் பார்க்கும்போது கூடம் அமைதியாகிவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கைக்குழந்தையின் உச்சி குழிவிழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள். "ஓட்டையை அடைக்கிறது அப்புறம் இருக்கட்டும். மொதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்பேன். யாராவது ஒருவர் எழுந்துவந்து மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவார். துணி மறுபடி மேலே வரும். போகப்போக ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் விளக்கவேண்டியதில்லை.

அடுத்தது அளவு. ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கொட்டவேண்டும். புத்தகத்தில் ஒரு வரி. வீட்டில் ஒரு லிட்டர் எது? அவரவர் வீட்டுச் செம்பை எடுத்துவரச் சொல்வேன். அளவுக் குவளையால் ஊற்றிப் பார்த்தால் ஒன்றில் முக்கால் லிட்டர் பிடிக்கும், இன்னொன்றில் ஒன்றரை. பொட்டலத்தைப் பிரித்துத் தம்ளருக்கு ஒரு சிட்டிகையாகப் போட்டுக் கலக்குகிறவர்கள் ஏராளம். கரைசல் அடர்த்தியாகிவிட்டால் நன்மைக்குப் பதில் கெடுதல். கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொள்ளச் சொல்வதே இப்போதைக்கு எளிய வழி. 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டும். பழச்சாறு போல அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புத் தண்ணீரெல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். போக்கு நின்றுவிட்டாலும் மொத்தம் 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுக்கவேண்டும். அது பெரும்பாலும் மூன்றாம் நாளோடு நின்றுபோகிறது. பணியாளர் திரும்பிப் போய்ப் பார்க்கவேண்டிய இடம் இது.

எங்கள் பக்கம் குழந்தைக்கு வாந்தியும் போக்கும் வந்தால் முதலில் சொல்வது குடலேற்றம். எண்ணெய் தடவி நீவிவிடத் தெரிந்த பாட்டி ஊருக்கு ஒருவராவது இருப்பார். படித்துவிட்டுப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவரைக் கண்டாலே கோபம் வரும். நான் அந்தப் பாட்டிகளை வகுப்புக்கே அழைத்துவிடுவேன். பாட்டில் குழந்தையை அவர் கையிலேயே கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். ஒருமுறை அப்படி வந்த ஓர் அப்பத்தா, "நான் தடவுறதுக்கு முன்னாடி ரெண்டு வாய், தடவின பெறகு ரெண்டு வாய். அவ்வளவுதானத்தா? குடுக்கச் சொல்லிட்டாப் போச்சு" என்றார். துவண்டுபோன குழந்தையை அழுத்தி நீவக்கூடாது, கண் சொருகினாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஊரில் தன்னார்வலரின் பேச்சுக்கு இருந்த மதிப்பே வேறு. வீட்டாரையே நம்புவது புதிதல்ல. 1971இல் வங்காள எல்லையில் பனகாவ் அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் கரைசலை ஊட்டும் பொறுப்பை நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம்தான் ஒப்படைத்தார். டாக்டரும் நர்சும் போதாத இடத்தில் வீட்டு மனிதரே மருத்துவப் பணியாளர்.

5 ஆகஸ்ட் 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு வகுப்பின் முகம் மாறியது. சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, தொடர்ந்து சாப்பிடவேண்டிய மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். தாய்சேய் நலத்தையே பாடமாக நடத்திவந்த எங்களுக்கு, இப்போது முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாருமே பாடம்.

பிபி பார்ப்பது மிஷின் வேலை என்று நினைத்து வருவார்கள். முதல் மணி நேரத்திலேயே அந்த நினைப்பை மாற்றியாகவேண்டும். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, முதலில் கையைத் தொங்கவிட்டு, பேசிக்கொண்டே ஒருமுறை பார்க்கச் சொல்வேன். எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். பிறகு முதுகு சாய்த்து, கால் இரண்டும் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் வாய் பேசாமல் இருந்து, மறுபடி பார்க்கச் சொல்வேன். அதே ஆள், அதே மிஷின், எண் இறங்கியிருக்கும். "அப்ப நேத்து நான் பாத்த பத்துப் பேரு?" என்று ஒருவர் கேட்டால் பாடம் ஏறிவிட்டது என்று பொருள்.

வீட்டில் அது எவ்வளவு கடினம் என்பதைக் கூடவே போனால்தான் தெரியும். நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியோடு வந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். ரவிக்கைக் கை இறுக்கமாக இருக்கிறது. அதன்மேலேயே பட்டையைச் சுற்றச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரி வந்து ஏதோ கேட்கிறாள், இவர் பதில் சொல்கிறார். மிஷினில் 164 காட்டுகிறது. நல்ல பணியாளர் அந்த எண்ணை எழுதமாட்டார். "அக்கா, உள்ள வாங்க, செத்த உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவார். திரும்பிவந்து அளந்தபோது 146. இரண்டாம் முறையும் அப்படியே. 140க்கு மேல்தான், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பவேண்டியதுதான். ஆனால் 164க்கும் 146க்கும் டாக்டர் எடுக்கும் முடிவு வேறாக இருக்கும். சர்க்கரைப் பரிசோதனையிலும் இப்படித்தான். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் விரலில் ஒட்டிய சாறுதான் கணக்கில் வரும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தவேண்டும்; நடுவில் குத்தினால் வலி அதிகம், அடுத்த மாதம் அந்த வீட்டுக் கதவு திறக்காது.

இந்த வேலையின் சூட்சுமம் எல்லாம் கேள்வி கேட்பதில் இருக்கிறது. "மாத்திரை சாப்பிடுறீகளா?" என்று கேட்டால் ஊரில் அத்தனை பேரும் "சாப்பிடுறேன்" என்பார்கள். மரியாதைக்குச் சொல்லும் பதில் அது. நான் சொல்லிக்கொடுக்கும் கேள்வி: "அப்பத்தா, அட்டையக் கொண்டாங்க, பாப்போம்." அட்டை வந்துவிட்டால் எண்ணிவிடலாம். முப்பது நாளுக்குக் கொடுத்ததில் இருபதாம் நாள் இருபத்திரண்டு மாத்திரை மிச்சமிருந்தால் திட்டக்கூடாது. "ஏன் அப்பத்தா, சாப்பிட்டா ஏதும் பண்ணுதா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். காத்திருந்தால் வரும். "தலை சுத்துதுத்தா." "வெள்ளி, செவ்வா விரதம், அன்னிக்குத் தொடுறதில்ல." "மகனுக்கும் சக்கரைதான், அவன் வேலைக்குப் போறவன், ஆளுக்குப் பாதியா வச்சுக்கிட்டோம்." கடைசியாகச் சொன்ன பதிலை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அந்த மகன் பரிசோதனைக்கே வந்திருக்கமாட்டார். ஒரு மாத்திரை அட்டையிலிருந்து ஒரு புது நோயாளி கிடைக்கிறார். கர்ப்பிணிகளின் இரும்புச்சத்து மாத்திரையும் இதே கதை. மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரண்டாம் நாளே மாத்திரை கூரைச் செருகலுக்குப் போய்விடும். டீ, காப்பியோடு சேர்த்துச் சாப்பிட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடவேண்டும்.

இந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்துக்காகவே வகுப்பில் நாடகம் போடுவோம். ஒருவர் மருமகள், ஒருவர் மாமியார், ஒருவர் பணியாளர். மாமியார் வேடத்துக்கு எப்போதும் போட்டிதான். "எங்க காலத்துல எந்த நர்சு வந்தா? பத்துப் பிள்ளை பெத்தேன்" என்று அவர் அடித்துப் பேசும்போது, பணியாளராக நடிப்பவர் பதிலுக்குப் பாடம் ஒப்பிக்காமல், "பத்துல எத்தனை பேரு அத்தை இருக்காக?" என்று மெதுவாகக் கேட்கக் கற்றுக்கொள்கிறார்.

பிறந்த குழந்தையைப் பற்றிய பயிற்சியை நான் மிகுந்த கவனத்தோடு நடத்துவேன். ஆஸ்பத்திரியில் பிறந்து வீடு வந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் போய்ப் பார்க்கவேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. அதற்கு வேர், மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி. 1986இல் டாக்டர் அபய் பங்கும் டாக்டர் ராணி பங்கும் அங்கே 'சர்ச்' அமைப்பைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த ஊர்களில் ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 62 சதவீதம் குறைந்தது என்று 1999இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, எண்ணத் தெரியாத மருத்துவச்சிக்காக அவர்கள் செய்த மணிச்சட்டம். ஒரு நிமிட மணல்கடிகாரம் பக்கத்தில் இருக்கும். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்தவேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் நிமோனியா. நூறு வரை எண்ணக் கற்றுக்கொடுத்த பிறகு வேலைக்கு எடுப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

எங்கள் பணியாளர்களிடம் செல்பேசி இருக்கிறது, எண்ணவும் தெரியும். ஆனாலும் மூச்சு எண்ணுவது லேசல்ல. குழந்தை பால் குடிக்கும்போதோ அழும்போதோ எண்ணக்கூடாது. சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணவேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது கைக்குழந்தைக்கு ஒத்துவராது. அதன் மூச்சு ஒரு சீராக வராது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ ஆஸ்பத்திரி. வகுப்புக்கு வரும் பெண்களின் குழந்தைகள் தூங்கும்போது, தாயின் அனுமதியோடு, மூன்று பேர் தனித்தனியாக எண்ணிக் காகிதத்தில் எழுதித் தரவேண்டும். மூன்றும் ஒத்துவரும் வரை மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

எழுதப்படிக்கத் தெரியாதவர்களால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஜாம்கேடுதான் பதில். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி 1970இல் மகாராஷ்டிரத்தின் வறண்ட அந்தப் பகுதிக்குப் போனார்கள். ஊர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பலர் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள், தலித் பெண்கள். ஒரே மூச்சாகப் பயிற்சி தந்து சான்றிதழோடு அனுப்பிவிடவில்லை. வாரந்தோறும் வந்து, தங்கி, போன வாரம் தங்கள் ஊரில் என்ன நடந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கற்றுக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில் அது தொடர்ந்தது. நம் ஊர்ப் பயிற்சிகளில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான். சில நாள் வகுப்பு, ஒரு பை, ஒரு கையேடு, ஒரு குழுப்படம். மறுபடி அவரைக் கூப்பிடுவது புதுச் செயலி வரும்போதுதான், அதுவும் பதிவேற்றம் சொல்லிக்கொடுக்க.

ஜாதி இந்த வேலைக்குள் இருக்கிறது. இல்லை என்று நடிக்கமுடியாது. காலனித் தெருப் பெண் பிபி மிஷினோடு ஊருக்குள் வந்தால் திண்ணையோடு நிறுத்திவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கையைத் தொடவேண்டாம் என்று சொன்ன பெரியவரையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட தெருவுக்கு முதல் மாதம் நானும் கூடவே போவேன். பணியாளரை முன்னால் விட்டு, நான் பின்னால் நின்று, "இவுகதான் பாப்பாக, எனக்கு இவுக அளவு கை வராது" என்பேன். பொய்யில்லை, தினமும் ஐம்பது கை பிடிக்கிறவருக்கு வரும் நிதானம் எனக்கு வராது. இப்படிச் செய்து எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தெருவை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிடுவதை நான் ஒருபோதும் ஏற்கவில்லை. மாற்றிக் கொடுத்தால், தொடவேண்டாம் என்ற பெரியவர் சொன்னதையே நாமும் சொன்னதாகிவிடும்.

வாய்க்கட்டு இன்னொரு பெரிய பாடம். பக்கத்துத் தெருக்காரி என்பதுதான் பணியாளரின் பலம், பயமும் அதுவேதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறோம். காலையில் எழுந்ததும் அடித்தொண்டையிலிருந்து இருமித் துப்பிய சளி வேண்டும், எச்சில் உதவாது என்றெல்லாம் சொல்லித்தருகிறோம். முடிவில் காசநோய் என்று வந்து, அது குழாயடியில் பேச்சாகிவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரும் சம்பந்தம் நின்றுபோகும். அதற்குப் பிறகு ஊரில் எவரும் இருமலைச் சொல்லவே மாட்டார்கள். ஒரு வீட்டு விவரத்தை இன்னொரு வீட்டில் உதாரணமாகக்கூடச் சொல்லக்கூடாது என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாளும் கடைசி நாளும் சொல்லிவிடுவேன்.

எவ்வளவு நன்றாகப் பயிற்சி கொடுத்தாலும் பையில் மாத்திரை இல்லாவிட்டால் அத்தனையும் வீண். உடற்பயிற்சி, உப்புக் குறைப்பு, கொசு ஒழிப்பு என்று என்ன பேசினாலும், "போன மாசமும் மாத்திரை வரல, இந்த மாசமும் வரல, பேச மட்டும் வந்துட்டியாக்கும்" என்று ஒரு கேள்வி வந்துவிட்டால் அந்தப் பெண் தலை குனிந்துதான் திரும்பவேண்டும். மிஷினுக்கு பேட்டரி, சர்க்கரை பார்க்கும் பட்டை, மாத்திரை இவை தவறாமல் வருவதும் பயிற்சியின் ஒரு பகுதியே. அதைவிட முக்கியமானது அவர்களுடைய ஊதியம். இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்துக் கௌரவித்தது. மனம் நிறைந்த நாள் அது. ஆனால் ஆஷாவும் நம் தன்னார்வலரும் இன்றுவரை வாங்குவது ஊக்கத்தொகை. சம்பளம் என்று அதற்குப் பெயர் கிடையாது. காலையில் ஆறு மணிக்கு வீடு வீடாக ஏறுகிறவரைத் தன்னார்வலர் என்று அழைப்பது, அவர் உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்குவதற்கான வசதி என்றே நான் நினைக்கிறேன். நன்றாகத் தேறிய பெண்கள் இரண்டு மூன்று ஆண்டில் பஞ்சாலைக்கோ ஜவுளிக்கடைக்கோ போய்விடுகிறார்கள். அவர்களோடு அந்தத் தெருவின் நோய்க் கணக்கும் போய்விடுகிறது. அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் வருங்கால வைப்புநிதியும் கொடுத்து நிரந்தரப் பணியாளராக ஆக்கவேண்டும். கொள்கை வகுக்கிறவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

இதைப் படிக்கும் உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் தெருவுக்கும் அந்தப் பெண் வருவார். வந்தால் திண்ணையில் நிறுத்தாமல் உள்ளே அழையுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முதுகு சாய்த்து உட்கார்ந்து, ஐந்து நிமிடம் பேசாமல் கையைக் கொடுங்கள். மாத்திரை அட்டையை அவர் கேட்பதற்கு முன்னால் எடுத்து வையுங்கள், மிச்சத்தை மறைக்காமல்.